"மரம் நடுவோம்" என்று முடியும் விடைத்தாள்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். செவிலியர் படிப்பு மாணவர்களும் உயிரியல் மாணவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு வகுப்பு. சூழல் மண்டலத்துக்கும் மனித உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர்களுக்குப் பத்து வகுப்புகள் எடுக்க வேண்டும். சென்ற ஆண்டும் எடுத்தீர்கள். விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் எந்தக் கேள்விக்கான பதிலும் "ஆகவே நாம் மரம் நட வேண்டும், இயற்கையைக் காக்க வேண்டும்" என்றே முடிந்திருந்தது. இந்த முறை எந்த நூலை வைத்துத் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நூலை மாற்றினால் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொடர்பு இருக்கிறது என்பதை உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே நம்புகிறார்கள். அது இருப்பது எப்படித் தெரியவந்தது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. நம்பிக்கையாகக் கைக்கு வந்ததை நம்பிக்கையாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதையே ஆதாரத்தோடு வரும் அறிவாகக் கொடுப்பது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, சில ஆண்டுகள் ஊசியும் கையுமாக அலைந்து, அப்புறம் நோய்ப்பரவலியல் பக்கம் வந்தவன். பதினெட்டு ஆண்டுகளாக உங்களுடையதைப் போன்ற கலவையான வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்கள் எல்லோரும் பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள். சிறு பிள்ளைகளுக்கு நான் கற்பித்ததில்லை. ஆகவே கீழே சொல்வதை அப்படியே பள்ளி வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டாம். இன்னொன்று, எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்பதற்கு இந்தத் துறையில் வலுவான ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு. எடுத்துக்காட்டுகளைப் பற்றி நான் சொல்வதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. வகுப்பை நடத்துவது பற்றிச் சொல்வது பெரும்பாலும் அனுபவம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

முதல் சில ஆண்டுகள் நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். 'ஒரே நலம்' (மனிதர், விலங்கு, சூழல் மூன்றின் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பது), 'கோள் நலம்' (மனித நலம் பூமியின் நலத்தைப் பொறுத்தது என்பது) என்று வரையறைகளில் தொடங்கினேன். 2004இல் வந்த மன்ஹாட்டன் கோட்பாடுகள் பன்னிரண்டு, 2005இல் வந்த மில்லேனியம் சூழல் மண்டல மதிப்பீடு, இயற்கை மனிதருக்குத் தருவதாக அது பிரித்துக் காட்டும் நான்கு வகைச் சேவைகள், 2015இல் வந்த ராக்ஃபெல்லர்–லான்செட் ஆணைக்குழு அறிக்கை என்று வரிசையாகப் போவேன். கடைசியில் நடுவே பூமிப்பந்தும் சுற்றிலும் அம்புக்குறிகளுமாக ஒரு வட்டப்படம். மாணவர்கள் அழகாக வரைந்துகொள்வார்கள். எல்லாவற்றிலிருந்தும் எல்லாவற்றுக்கும் அம்பு போகும் படத்தில் தவறாக எதையும் சொல்லிவிட முடியாது. தவறாகச் சொல்ல வழியில்லாத இடத்தில் கற்பதற்கும் ஒன்றுமில்லை. இப்போது இந்த வரையறைகளுக்கெல்லாம் சேர்த்துக் கடைசி வகுப்பில் அரை மணி நேரம் கொடுக்கிறேன். அதற்குள் கையில் கதைகள் இருப்பதால், எந்தக் கதை எந்தப் பெயருக்குக் கீழே வரும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? காரணமும் விளைவுமாகக் கோத்த ஒரே ஒரு சங்கிலியில். அதன் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகக் கையில் எடுத்து, "இது எதன் மேல் நிற்கிறது?" என்று கேட்பதில். என் வகுப்பில் மூன்று விதக் கோடுகள் உண்டு. நேரடியாகச் சோதித்தோ அளந்தோ நிறுவப்பட்ட கண்ணிக்கு முழுக்கோடு. மறைமுகத் தரவுகளிலிருந்து ஊகித்ததற்கு வெட்டுக்கோடு. பொருந்திப் போகிறது, ஆனால் யாரும் சரிபார்க்கவில்லை என்பதற்குப் புள்ளிக்கோடு. கேட்க எளிதாக இருக்கும். வகுப்பில் ஒரு கோட்டை எப்படிப் போடுவது என்று இருபது நிமிடம் சண்டை நடக்கும். அந்தச் சண்டையைத்தான் நான் பாடம் என்கிறேன்.

நான் தொடங்கும் சங்கிலி பாறு கழுகுகளுடையது. பலரும் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். இந்தியாவில் 1990களில் மூன்று இனப் பாறுகள் சரிந்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. முதலில் ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் தேடினார்கள். இறந்த பறவைகளைத் திறந்து பார்த்தால் உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. பாகிஸ்தானில் வேலை செய்த ஓக்ஸ் குழு 2004இல் விடையைச் சொன்னது: மாடுகளுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடப்பட்ட டைக்ளோஃபெனாக். வகுப்பில் நான் அந்த ஆய்வின் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதுவேன். சிறுநீரகச் செயலிழப்பால் இறந்த பறவைகளில் சோதித்தவை 25, மருந்தின் எச்சம் இருந்தவை 25. வேறு காரணத்தால் இறந்தவற்றில் சோதித்தவை 13, எச்சம் இருந்தவை சுழியம். எழுதிவிட்டு, "இது போதுமா?" என்று கேட்பேன். பாதிப் பேர் போதும் என்பார்கள். யாராவது ஒருவர், நோயுற்ற பறவையின் உடலில் மருந்து தங்கியிருக்கலாமே, மருந்தால்தான் நோய் வந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்பார். அப்போதுதான் அடுத்ததைச் சொல்வேன். பறக்கவிட முடியாத நிலையில் பிடித்து வைத்திருந்த பாறுகளுக்கு அந்த மருந்தையும், அந்த மருந்து போட்ட கால்நடையின் இறைச்சியையும் கொடுத்துப் பார்த்தார்கள். அதே போலச் சிறுநீரகம் கெட்டு இறந்தன. இந்தக் கண்ணிக்கு முழுக்கோடு.

அடுத்த கண்ணியில் மாணவர்களுக்கு ஒரு கணக்குச் சிக்கல் வரும். எத்தனை மாட்டுச் சடலங்களில் மருந்து இருந்தால் ஓர் இனமே அழியும்? பெரும்பாலோர் பாதிக்குப் பாதி என்பார்கள். கிரீன் குழுவின் கணக்குப்படி நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் உயிர்கொல்லும் அளவு இருந்தாலே போதும். பாறுகள் கூட்டமாக வந்து ஒரே சடலத்தைத் தின்கின்றன, ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடுகின்றன. சிறிய காரணம் எப்படிப் பெரிய விளைவாகிறது என்பது இங்கே விளங்குவதுபோல வேறெங்கும் விளங்காது. (இந்த இடத்தில் எப்போதும் ஒன்றை ஒப்புக்கொள்வேன்: 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்வதற்கு முன் நானே அதை எத்தனையோ மாடுகளுக்குப் போட்டிருக்கிறேன். நல்ல மருந்து. விலை குறைவு. மாடு மறுநாளே எழுந்து நிற்கும். யாரும் தீய எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை என்பது மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.)

இனிமேல்தான் மனிதர்கள் வருகிறார்கள். கோடுகளும் மெலியத் தொடங்குகின்றன. பாறுகள் தின்னாத சடலங்கள் கிடந்தன. நாய்கள் பெருகின. நாய்க்கடியும் ரேபிஸும் கூடின. 2008இல் மார்க்கண்டேயாவும் உடனிருந்தோரும் வெளியிட்ட மதிப்பீடு, 1992 முதல் 2006 வரை இதனால் ஏறத்தாழ 48,000 கூடுதல் ரேபிஸ் மரணங்கள் நேர்ந்திருக்கலாம் என்றது. இது எண்ணிப் பார்த்த தொகை அல்ல. நாய்களின் எண்ணிக்கை, கடிக்கும் வீதம், கடிபட்டவர் இறக்கும் வீதம் என்று ஒன்றோடொன்று பெருக்கி எடுத்தது. பிறகு 2024இல் எயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியலாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்களையும் ஏற்காத மாவட்டங்களையும் எடுத்து, மருந்து மலிவாகிப் பரவுவதற்கு முன்னும் பின்னும் மனித இறப்பு வீதத்தை ஒப்பிட்டார்கள். ஏற்ற மாவட்டங்களில் இறப்பு வீதம் 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் மதிப்பீடு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை கூடியதையும் ஆற்று நீரின் தரம் கெட்டதையும் துணைச் சான்றாகக் காட்டுகிறார்கள். செய்தித்தாள்கள் "பாறுகள் அழிந்ததால் ஐந்து லட்சம் பேர் இறந்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதின. என் மாணவர்களுக்கு அந்த வரியைக் கொடுத்து, மூன்று விதக் கோடுகளோடு ஒரு பக்கமாக விரித்து எழுதச் சொல்வேன். அந்த ஐந்து லட்சத்தில் ஒருவரையாவது பெயர் சொல்லிக் காட்ட முடியுமா என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். முடியாது. அதனால் அது பொய்யும் ஆகாது. ஒப்பீட்டிலிருந்து வந்த எண் எப்படிப்பட்ட எண் என்பது அன்றைக்குப் புரியும். செவிலியர் மாணவர்களுக்கு இது கூடுதலாகத் தைக்கும். அவர்கள் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பழகியவர்கள், இங்கே யாருக்கும் முகம் கிடையாது.

இரண்டாவது கதையை நான் நடந்த வரிசையிலேயே சொல்வேன், முடிவை ஒளித்துவைத்து. 1998 செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவுகட்டினார்கள். அது கொசுவால் பரவும், பன்றியில் பெருகும், ஆகவே பொருந்தியது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நிற்கவில்லை. இங்கே நிறுத்தி, என்ன பொருந்தவில்லை என்று கேட்பேன். உங்கள் செவிலியர் மாணவர்கள் பிடித்துவிடுவார்கள்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும், இங்கே விழுந்தவர்கள் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். உயிரியல் மாணவர்கள் இன்னொன்றைப் பிடிப்பார்கள்: பன்றிகளே இருமிக்கொண்டு சாகின்றனவே? 1999 மார்ச்சில் சுங்கை நிப்பா என்ற ஊரைச் சேர்ந்த நோயாளியிடமிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஊர்ப் பெயரே அதற்கு நிலைத்தது. மலேசியாவில் 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு, பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. வைரஸின் இயல்பான இருப்பிடம் பழந்தின்னி வௌவால் என்பது பிறகு உறுதியானது.

வௌவாலிலிருந்து பன்றிக்கு எப்படி வந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பல நூல்களிலும் ஒளிப்படக் காட்சிகளிலும் நீங்கள் பார்க்கப்போவது இது: 1997–98இல் எல் நினோ வறட்சி, காட்டுத்தீ, புகைமூட்டம், காட்டில் பழம் இல்லை, பசித்த வௌவால்கள் பண்ணைப் பக்கம் வந்தன. கச்சிதமான கதை. காடழிப்பு, காலநிலை, நோய் மூன்றும் ஒரே நூலில் கோத்துக்கொள்ளும். அதைக் கருதுகோளாகத்தான் முதலில் முன்வைத்தார்கள். பிறகு பண்ணைத் தரவுகளைத் தோண்டியவர்கள், 1997 தொடக்கத்திலேயே அந்தப் பகுதியில் நோயின் தடயம் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். பெரும் புகைமூட்டம் அந்த ஆண்டின் பிற்பாதியில் வந்தது. விளைவு காரணத்துக்கு முன்னால் வர முடியாதே! 2012இல் புல்லியம் குழு தந்த விளக்கம் வேறு: பல்லாயிரம் பன்றிகள் உள்ள ஒரு பெரும் பண்ணை, பட்டிகளின் மேலேயே கவிந்து நிற்கும் மாமரங்கள், வௌவால் கடித்துப் போட்ட பழம், ஒருமுறை வந்த வைரஸ் அணையாமல் சுற்றிக்கொண்டிருக்கும் அளவுக்கு ஓயாமல் பிறக்கும் பன்றிக்குட்டிகள். இரண்டாவது விளக்கம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. புகைக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். காடு சுருங்கியதால் வௌவால்களின் நடமாட்டம் பொதுவாக மாறியிருக்கலாம். அது புள்ளிக்கோடு. தீர்வு எந்த விளக்கத்தைத் தொடர்ந்தது என்று மாணவர்களிடம் கேளுங்கள். பழமரத்தைப் பட்டியிலிருந்து தள்ளி வைப்பது இரண்டாவதிலிருந்து நேராக வருகிறது. முதலாவது மட்டும் கையில் இருந்தால் மறுபடி "மரம் நடுவோம்" என்றுதான் எழுத முடியும். அதிலும் எந்த மரத்தை எங்கே நட்டார்கள் என்பதுதான் இந்தக் கதையின் வினையே.

இது ஒரு பெரிய பொறியைக் காட்டுகிறது. "இயற்கை நல்லது, அதைக் கெடுத்தால் நோய் வரும்" என்ற ஒற்றை வாய்பாடு. உங்கள் மாணவர்கள் அதில்தான் விழுந்திருக்கிறார்கள், பல ஆசிரியர்களும் விழுகிறோம். சதுப்பு நிலம் நீரை வடிகட்டும், வெள்ளத்தைத் தாங்கும். கொசுவும் அங்கேதான் முட்டையிடும். ரோமுக்குத் தெற்கே பொன்டைன் சதுப்புகளை 1930களில் வடித்தபோது மலேரியா குறைந்தது. கொய்னாவும் கொசுவலையும் கூடச் சேர்ந்து வேலை செய்தன. பெரு நாட்டின் அமேசான் பகுதியில் நேர் எதிர்: மிக அதிகமாகக் காடழிந்த இடங்களில் மலேரியா பரப்பும் கொசு கடிக்கும் வீதம், காடு மூடிய இடங்களைவிட 278 மடங்குக்கு மேல் என்று 2006இல் விட்டர் குழு அளந்தது. (அவர்கள் அளந்தது கடியை, நோயை அல்ல. மாணவர்கள் பத்தில் எட்டுப் பேர் "மலேரியா 278 மடங்கு" என்று எழுதுவார்கள். சிவப்பு மை தயாராக இருக்கட்டும்.) ஒரே நோய், ஒரே போன்ற கிருமி, ஓரிடத்தில் நிலத்தை மாற்றியதால் குறைகிறது, இன்னோரிடத்தில் கூடுகிறது. எந்தக் கொசு, அது நிழலை விரும்புமா வெயிலை விரும்புமா, மனிதர் எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. உயிரின வகை பெருகினால் நோய் நீர்த்துப்போகும் என்ற கருத்தும் இதே வகைதான். உண்ணி கடித்து வரும் லைம் நோயில் வெண்கால் எலியையும் உண்ணியையும் வைத்து ஆஸ்ட்ஃபெல்டும் கீசிங்கும் வளர்த்தெடுத்தது. பின்னால் வந்த தொகுப்பாய்வுகளில் ஒன்று பரவலாகப் பொருந்துகிறது என்றது, இன்னொன்று நோய்க்கு நோய் மாறுகிறது என்றது. அதை விதியாகச் சொல்லாமல் விவாதமாகவே கொடுங்கள்.

நம்பிக்கை தரும் கதை ஒன்றும் வேண்டும். அதற்கு நான் வைத்திருப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுத்து, பாசனத்துக்கு நன்னீர் தர, ஆற்றின் முகத்துக்கு அருகே தியாமா அணையைக் கட்டினார்கள். 1986இல் முடிந்தது. இரண்டே ஆண்டில் ரிஷார்-தோல் என்ற ஊரில் குடல் ஷிஸ்டோசோமியாசிஸ் தலைகாட்டி, சில ஆண்டுகளில் ஊரையே பிடித்தது. இந்தப் புழுநோய் நன்னீர் நத்தை வழியாக வருகிறது. உப்பு போனதால் நத்தைக்கு வாழ்வு வந்தது, பாசன உரத்தால் அது மேயும் நீர்ச்செடியும் செழித்தது. அணையால் இன்னொன்றும் நடந்தது. நத்தையைத் தின்னும் ஆற்று இறால் குஞ்சு பொரிக்க உவர்நீர்ப் பகுதிக்கு இறங்கியாக வேண்டும். வழி அடைபட்டது. ஒரு கிராமத்து நீர்த்துறையில் இறாலைத் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். மருந்து கொடுத்த பிறகு மறுபடி தொற்றுவது, இறால் விடாத கிராமத்தோடு ஒப்பிட்டால் குறைந்தது. 2015இல் வெளிவந்த ஆய்வு இது. ஆனால் இரண்டே கிராமம்! இரண்டை ஒப்பிட்டு எவ்வளவு சொல்லலாம் என்பதையும் அங்கேயே பேசிவிடுங்கள். பிறகு நீர்த்துறைகளில் செடியை வாரி எடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் அந்தக் குடல் புழுநோய்த் தொற்று குறைந்தது, வாரிய செடி தீவனமாகவும் எருவாகவும் பயன்பட்டது. இந்தக் கதையில் அணை கட்டியவர்களைத் திட்டிவிட்டு எழுந்துபோக முடியாது. அந்தத் தண்ணீரால்தான் அங்கே வயலும் விளைந்தது.

பசுமைக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள், அது கவர்ச்சியான தலைப்பு. ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட சிறிய ஆய்விலிருந்து தொடங்கலாம். பித்தப்பை அறுவை முடிந்த 46 நோயாளிகள், 23 இணைகள். சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு போனார்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்கள் 8.70 நாளில். நேர்த்தியான யோசனைதான், ஆனால் 46 பேரை வைத்து உலகத்துக்கு மருந்து எழுத முடியாது. இதோடு சேர்த்து, வசதியானவர்கள் வாழும் தெருவில்தான் மரமும் அதிகம், ஆயுளும் அதிகம் என்ற சிக்கலைப் பேசுங்கள். அந்தச் சிக்கலைத் தாண்ட டோனவன் குழு 2013இல் ஒரு வழி கண்டது. அமெரிக்காவில் மரகத வண்டு ஒன்று ஆஷ் மரங்களைக் கூண்டோடு கொன்றுகொண்டு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது. வண்டு வந்த 15 மாநிலங்களின் மாவட்டங்களில் இதயநோயால் 15,080, மூச்சு நோயால் 6,113 கூடுதல் மரணங்கள் என்று கணக்கிட்டார்கள். வண்டு ஏழை பணக்காரன் பார்த்துப் போகவில்லை என்பதுதான் இந்த வாதத்தின் பலம். மரம் போனதிலிருந்து இதயம் நின்றதுவரை நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த ஆய்வு காட்டவில்லை. சங்கிலியின் இரு முனையும் தெரிகிறது, நடுவில் இருட்டு.

ஒரு கதையை மட்டும் நம்பிக் கொண்டுபோய் விடாதீர்கள், போர்னியோவில் பாராசூட்டில் இறங்கிய பூனைகள். கொசுவுக்கு டிடிடி பூச்சிக்கொல்லி அடித்தார்கள், அதைத் தின்ற பூச்சியைப் பல்லி தின்றது, பல்லியைப் பூனை தின்று செத்தது, எலி பெருகியது, கொள்ளைநோய் வந்தது, விமானப்படை 14,000 பூனைகளை வானிலிருந்து இறக்கியது. நான் ஐந்தாறு ஆண்டு கைதட்டு வாங்கிய கதை இது. ஒரு மாணவி எழுந்து, "பதினாலாயிரம் பூனையை யார் சார் பிடித்தார்கள்?" என்று கேட்டாள். தேடிப் போனேன். இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படும், கூரை ஓலையைத் தின்னும் புழு பெருகியதற்கு அறிவியல் பதிவு உண்டு, டிடிடி அந்தப் புழுவின் எதிரிகளான குளவிகளைக் கொன்றதால். 1960இல் சரவாக்கின் உள்நாட்டில் விமானத்திலிருந்து சில பூனைகள் இறக்கப்பட்டதற்கும் பதிவு உண்டு. ஆயிரக்கணக்கில் என்பதற்கு ஆதாரம் இல்லை. இடையில் இருக்கும் கண்ணிகளும் சொல்லச் சொல்லச் சேர்ந்தவை. இப்போது அதை ஏழாவது வகுப்பில், பயிற்சிக்கான கதையாக மட்டும் வைத்திருக்கிறேன். கதையைக் கொடுத்து, எந்தக் கண்ணிக்கு என்ன ஆதாரம் கேட்பீர்கள் என்று எழுதச் சொல்வது. அந்த மாணவியின் கேள்வி இன்றும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடும்.

விழுக்காடுகளையும் இதேபோல விசாரியுங்கள். "புதிய நோய்களில் 75 விழுக்காடு விலங்கிலிருந்து வந்தவை" என்பது எல்லா விளக்கப்படங்களிலும் இருக்கும். அது 2001இல் டெய்லர் குழு, புதிதாகத் தலையெடுக்கும் 175 கிருமி இனங்களை எண்ணிச் சொன்னது. 2008இல் ஜோன்ஸ் குழு, 1940 முதல் 2004 வரை நடந்த 335 நோய் நிகழ்வுகளை எண்ணி 60.3 விழுக்காடு என்றது. ஒன்று கிருமியை எண்ணியது, மற்றது நிகழ்வை எண்ணியது. இரண்டும் சரிதான். இரண்டுமே நோயாளிகளின் எண்ணிக்கையைச் சொல்லவில்லை.

இனி வகுப்பு நடத்தும் முறை. இங்கிருந்து என் சொந்த அனுபவம் மட்டும். மாணவர்கள் ஒரே மாதிரி மூன்று தவறு செய்வார்கள்: அம்பு ஒரு பக்கம்தான் போகும் என்று நினைப்பார்கள், காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவில் ஆண்டுகள் ஓடலாம் என்பதை மறப்பார்கள், அம்பின் மேல் எதையும் எழுத மாட்டார்கள். மூன்றாவதைத் திருத்தினால் மற்ற இரண்டும் பெரும்பாலும் தானே திருந்துகின்றன. ஆகவே என் வகுப்பில் வினைச்சொல் இல்லாத அம்புக்கு மதிப்பெண் இல்லை. "வௌவால் – பன்றி" என்று கோடு போட்டால் போதாது, "வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்கிறது" என்று எழுத வேண்டும். வினைச்சொல் எழுதத் தொடங்கியதும் தெரியாத இடம் தானாக வெளியே வந்துவிடும். ஒரு தொடர்பை எப்போது காரணம் என்று கொள்ளலாம் என்பதற்குப் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் 1965இல் சொன்ன ஒன்பது பார்வைக்கோணங்களை நான்காவது வகுப்பில் கொடுப்பேன். சரிபார்ப்புப் பட்டியலாகப் பயன்படுத்தக் கூடாது என்று அவரே எச்சரித்ததையும் சேர்த்து. இரண்டு துறை மாணவர்களையும் இணைகளாக உட்காரவையுங்கள். சங்கிலியின் சூழல் பக்கத்தைச் செவிலியர் மாணவரும், நோய்ப் பக்கத்தை உயிரியல் மாணவரும் எழுத வேண்டும். தலைகீழாகத்தான். தனக்குத் தெரியாத பாதியை எழுதும்போது பக்கத்தில் இருப்பவரைக் கேட்டே ஆக வேண்டும்.

வெளியே கூட்டிப் போவதென்றால் ஒரே ஒரு மழைத்துளியைப் பின்தொடரச் சொல்லுங்கள். கட்டடக் கூரையில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது, எதைக் கழுவிக்கொண்டு போகிறது, எங்கே தேங்குகிறது, யார் அதைத் தொடுகிறார்கள். எந்த வளாகத்திலும் செய்யலாம், செலவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். வரும்போது யாருக்கும் விடை தெரியாத நான்கைந்து கேள்விகள் கையில் இருக்கும்.

சோர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் ஹிக்மன் குழு பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள பத்தாயிரம் பேரிடம் கேட்டபோது, 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றம் குறித்து மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். உங்கள் மாணவர்கள் அந்த வயதுதான். "மரம் நடுவோம்" என்ற வரி சில நேரம் சோம்பலால் வருவதில்லை, பயந்துபோன ஒருவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வது. அதைக் கேலி செய்து நான் ஒருமுறை ஒரு மாணவனை இழந்திருக்கிறேன், பிறகு அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இப்போது அந்த வரிக்குக் கீழே "எந்த மரம், எந்த இடத்தில், எந்தக் கண்ணியை அது அறுக்கும்?" என்று மட்டும் எழுதித் தாளைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

பத்து வகுப்பை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: முதல் மூன்றும் பாறுகளுக்கு. அவசரப்படாதீர்கள், மூன்று தேவைப்படும். நான்காவது ஹில்லுக்கு. ஐந்தும் ஆறும் நிப்பாவுக்கு. ஏழில் பூனைகள். எட்டில் செனகலும் மலேரியாவும். ஒன்பதில் மரமும் வண்டும், மழைத்துளி நடையும். பத்தில் வரையறைகளுக்கு அரை மணி, மீதி நேரம் தேர்வு. தேர்வுக்கு ஒரே கேள்வி போதும். அந்த வாரத்தில் வந்த ஏதாவது ஒரு செய்தித் துணுக்கைக் கொடுத்து, சங்கிலியை வரைந்து, மிக மெலிந்த கண்ணியைக் காட்டி, அதைச் சோதிக்க ஒரு வழி சொல்லச் சொல்லுங்கள். மெலிந்த கண்ணியைச் சரியாகக் கண்டவருக்குப் பாதி மதிப்பெண். செய்தியை நீங்களும் தேர்வன்று காலையில்தான் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் உங்கள் கையிலும் தயாரான விடை இருக்காது.